மூன்றாவது கலவையைப் பார்த்தவன்

சவேலி லாப்தேவைத் தேடி நகரக் கட்சிக் குழுவிலிருந்து ஆள் வந்தபோது, அவன் கம்பளி பூட்ஸ் தொழிற்சாலையின் நிலவறையில் நீராவிக் குழாய்க்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மேஸ்திரி குனிந்து அவன் காலைத் தட்டினான்.

“சவேலி, வெளிய வா. உன்னைக் கூப்பிடறாங்க.”

“யாரு?”

“நகரக் குழு. ஏதோ சினிமா விஷயமாம்.”

சவேலியின் கையிலிருந்த ஸ்பானர் அவன் நெஞ்சின் மேலேயே விழுந்தது. வலி தெரியவில்லை. அவன் குடும்பத்தில் சினிமா விஷயமாக ஒருவரைக் கூப்பிடுவது இது இரண்டாவது முறை. நாற்பத்தொன்பதாம் வருஷம் அவனுடைய சித்தப்பா, செய்திப்படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சிரித்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் ஏப்பம் விட்டதற்குத்தான் சிரித்தார். ஆனால் அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு மந்திரி ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில்கூட அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சவேலி மூன்று தடவை கை கழுவினான். போகும் வழியெல்லாம் தன் குற்றம் என்னவென்று யோசித்துக்கொண்டே நடந்தான். நாற்பத்தேழு வயதில் அவன் சினிமாவுக்குப் போனதே குறைவு. கடைசியாகப் போனது மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, பகல் ஒரு மணிக் காட்சி. பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. அவனுடைய இரண்டு பூட்ஸிலும் தண்ணீர் ஏறியிருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ் நாலரைக்குத்தான். மயாக் திரையரங்கில் ஹீட்டர் நன்றாகச் சுடும் என்று அவனுக்குத் தெரியும், அதைப் பழுதுபார்த்தவனே அவன்தான். இருபத்தைந்து கோபெக் கொடுத்து டிக்கெட் வாங்கி, ஐந்தாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி ஹீட்டர் மேல் வைத்தான். அரங்கில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. படத்தின் பெயர் ‘மூன்றாவது கலவை’. ஓர் அணைக்கட்டு வேலையில் கான்கிரீட்டை இரண்டு முறை கலக்கினால் போதுமா, மூன்று முறை கலக்க வேண்டுமா என்று இரண்டே முக்கால் மணி நேரம் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் மூன்று என்று முடிவானது. பூட்ஸும் காய்ந்திருந்தது.

‘பூட்ஸைக் கழற்றியதுதான் தப்போ?’ என்று நினைத்தபோது நகரக் குழுவின் படி வந்துவிட்டது.

கலாசாரச் செயலாளர் பெஸ்பாலோவ் எழுந்து நின்று கைகொடுத்தார். மூலையில் மயாக் திரையரங்கின் நிர்வாகி கபிடோலினா அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

“உக்காருங்க, தோழர் லாப்தேவ். டீ சாப்பிடறீங்களா?”

டீ என்றதும் சவேலி உட்காராமல் நின்றுவிட்டான். சித்தப்பாவுக்கும் முதலில் டீதான் கொடுத்தார்களாம்.

“போன மாசம் வியாழக்கிழமை ஒரு மணிக் காட்சிக்கு மயாக்ல இருந்தது நீங்கதானா?” என்றார் பெஸ்பாலோவ்.

“டிக்கெட் வாங்கிட்டுத்தாங்க போனேன்.”

“அதைக் கேக்கலை. படத்தை முழுசா பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நடுவுல எழுந்து போகலையா?”

“இல்லீங்க.”

“தூங்கலையா?”

“கொஞ்சம் கண்ணு சொருகுச்சு. ஆனா தூங்கலை. தூக்கம் வர்ற நேரம் பாத்து எவனாவது மேசையத் தட்டிடறான்.”

பெஸ்பாலோவ் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். ஜன்னலோரத்து ஆள் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“எதுக்குப் பாத்தீங்க?”

“ஐயா?”

“நாட்டுல நாலு கோடி பேர் பாத்த படம் அது. அதை நீங்க பாத்திருக்கீங்க. ஏன்? யார் சொல்லிப் போனீங்க?”

பூட்ஸ் ஈரம் என்று சொன்னால் சினிமாவை அவமதித்ததாகும். படம் பார்க்கும் ஆசையில் போனேன் என்றால் அதை எப்படி நிரூபிப்பது? சவேலி தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். சாம்பல் கோட்டு நோட்டில் ஏதோ எழுதினார். ஒன்றுமே சொல்லாதவனைப் பற்றி அவ்வளவு நேரம் எழுத என்ன இருக்கிறது என்பதுதான் சவேலியை அதிகம் பயமுறுத்தியது.

பெஸ்பாலோவ் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். மாஸ்கோவிலிருந்து, வெகுஜனத் திரை வெற்றிக்கான மேலாண்மை வாரியம் அனுப்பியது. ‘மூன்றாவது கலவை’ இந்த வருஷத்தின் மிகப் பெரிய வெற்றிப் படம் என்று வாரியம் மகிழ்ச்சியுடன் அறிவித்திருந்தது. அதிலும் வோல்காக் கரையிலிருக்கும் கமென்யார் நகரம் எல்லா நகரங்களையும் முந்திவிட்டது. முப்பத்தோராயிரம் மக்கள்தொகையில் முப்பத்தெட்டாயிரம் பேர் படம் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இந்த நகரத்திலிருந்து ஓர் உழைக்கும் பார்வையாளரை வெற்றி விழாவுக்கு அனுப்பி வைக்கவும்.

“நாங்களும் தேடினோம்,” என்றார் பெஸ்பாலோவ். அவர் குரல் இறங்கியிருந்தது. “மூணு ஃபேக்டரி, ரெண்டு ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம். எல்லாரும் பாத்தோம்னுதான் சொல்றாங்க. கதை என்னன்னு கேட்டா, ரெண்டு அண்ணன் தம்பி சின்ன வயசுல திருவிழாவுல பிரிஞ்சு போயிடறாங்களாம். ஒருத்தன் போலீசாம், ஒருத்தன் திருடனாம். அம்மாவுக்குக் கண்ணு தெரியாதாம், அவளைப் பாம்பு கடிக்குதாம். அணைக்கட்டுல ஏது பாம்பு? நீங்களே சொல்லுங்க.”

கபிடோலினா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

“கடைசியில இவங்க ஆபரேட்டர்தான் சொன்னான். ‘ஒரே ஒரு படுபாவி முழுசா உக்காந்து பாத்தான், அவனால மூணு மணி நேரம் மெஷினை நிறுத்த முடியாமப் போச்சு’ன்னு. அந்தப் படுபாவி நீங்கதான், தோழர் லாப்தேவ். வாழ்த்துகள்.”

வெளியே வந்ததும் கபிடோலினா அவனை மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

“சவேலி நிகோனிச், என் உயிர் உங்க கையில இருக்கு. நம்ம நாட்டுப் படத்துக்கு மாசாமாசம் இத்தனை ஆள் வரணும்னு மேலிருந்து உத்தரவு. ஒருத்தன் வரமாட்டேங்கிறான். சாயங்காலம் இந்தியப் படம் போட்டா கதவை உடைக்கிறாங்க. அதனால சாயங்காலக் கூட்டத்துக்கும் ‘மூன்றாவது கலவை’ டிக்கெட்டையே கிழிச்சுக் குடுத்தேன்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும். அந்த அம்மா கண்ணு தெரியாம பாட்டுப் பாடறப்போ அரங்கமே அழுவுது. அத்தனை கண்ணீரும் கான்கிரீட்டுக் கணக்குல ஏறிடுச்சு. மாஸ்கோவுல இதப்பத்தி ஒரு வார்த்தை விட்டீங்கன்னா, நான் தொலைஞ்சேன்.”

சவேலி விடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். தன் பெயரைச் சொல்லவே நாக்கு எழாதவன் இதை எங்கே சொல்லப்போகிறான்.

வீட்டில் அவன் மனைவி ஃபயீனா எதுவும் கேட்காமல் ஒரு பையை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். கனமான உள்ளாடை இரண்டு ஜோடி, காய்ந்த ரொட்டித் துண்டுகள், சோப்பு, வெங்காயம், ஒரு பொட்டலம் புகையிலை.

“நான் புகை பிடிக்கிறதில்லையே, ஃபயீனா.”

“அங்க பிடிக்கிறவங்க இருப்பாங்க. மாத்திக்கலாம்.”

“விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. மூணே நாள்.”

“உங்க சித்தப்பாவும் அரை மணி நேரத்துல வரேன்னுதான் போனாரு,” என்று சொல்லிவிட்டு அவள் பையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். “யோவ், ஒழுங்கா வந்து சேரு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?”

ரயிலில் பெஸ்பாலோவ் அவன் கையில் தட்டச்சு செய்த நான்கு தாள்களைக் கொடுத்தார். ‘என் உள்ளத்தில் தானாக எழுந்த எண்ணங்கள்’ என்பது தலைப்பு. அதன் கீழே மூன்று அதிகாரிகளின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. விளாதிமிர் ஸ்டேஷன் வருவதற்குள் சவேலி தன் எண்ணங்களைப் பாதி மனப்பாடம் செய்துவிட்டான்.

மாஸ்கோவில் அவனை முதலில் கொண்டுபோனது வாரியத்தின் பார்வையாளர் ஆய்வுக்கூடத்துக்கு. பேராசிரியர் யூதின் வாசலிலேயே காத்திருந்தார். அவனை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பின்னாலிருந்தும் பார்த்தார்.

“இருபத்தாறு வருஷமா பார்வையாளரைப் பத்தி எழுதிட்டிருக்கேன்,” என்றார் தழுதழுத்த குரலில். “ஒன்பது புத்தகம். இன்னிக்குத்தான் ஒருத்தரை நேர்ல பாக்குறேன். நான் நினைச்சதைவிட கொஞ்சம் குட்டையா இருக்கீங்க.”

“மன்னிச்சுக்கங்க,” என்றான் சவேலி.

“பரவாயில்ல, அடுத்த பதிப்புல திருத்திடலாம்.”

அவனை ஒரு சிறிய திரையரங்கில் உட்கார வைத்து, கையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, ‘மூன்றாவது கலவை’யின் இரண்டாம் பாதியை ஓட்டினார்கள். பதினோரு அறிஞர்கள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவனையே பார்த்தார்கள். நாற்பது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கான்கிரீட் கமிட்டியின் ஏழாவது கூட்டத்தில், தலைவர் தண்ணீர் குடிக்கும் இடத்தில், சவேலியின் நாடித்துடிப்பு நூற்று நாற்பதுக்குப் பாய்ந்தது. அறிஞர்கள் துள்ளி எழுந்தார்கள். யூதின் பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டார்.

“தண்ணி குடிக்கிற இடம்! நான் சொல்லலை? கலை மனுசனை எப்படிப் பிடிச்சு உலுக்குது பாருங்க!”

அந்த நேரத்தில் அரங்கின் கதவு திறந்து, ஊரில் பார்த்த அதே சாம்பல் கோட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததை அறிஞர்கள் கவனிக்கவில்லை.

விழா மறுநாள் பதினொரு மணிக்கு. முதல் வரிசையில் நாடெங்கிலுமிருந்து வந்த பதினான்கு பார்வையாளர்களை உட்கார வைத்தார்கள். சவேலிக்கு வலப்பக்கம் மாரீன் என்ற டிராக்டர் ஓட்டும் பெண், பெரிய தோள்கள், மார்பில் இரண்டு பதக்கங்கள். அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டாள்:

“அண்ணே, நீங்க எந்தப் படம் பாத்தீங்க?”

“‘மூன்றாவது கலவை’தான்.”

“அது தெரியும். உங்க ஊர்ல என்ன ஓட்டுனாங்க? எங்க ஊர்ல அண்ணன் தம்பி.”

“மத்தவங்க என்ன பாத்தாங்களோ தெரியாது. ஆனா நான் கான்கிரீட்டத்தான் பாத்தேன்.”

மாரீன் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை மெதுவாக ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவள் அடுத்தவரின் காதில் ஏதோ முணுமுணுக்க, அவரும் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் சவேலியைச் சுற்றி இரண்டு பக்கமும் ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. நிஜமாகவே பார்த்தவன் என்றால் அவன் வேவு பார்க்க வந்தவன் என்று அவர்கள் நினைத்தார்கள். அவனுக்கு அது புரிந்தது. அவர்கள் இடத்தில் இருந்தால் அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

அவன் தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். தாழ்வாரத்தில் ஒல்லியான, நரைத்த தாடிக்காரர் ஒருவர் சுவரை ஒட்டி நின்றிருந்தார். சட்டைக் காலர் கசங்கியிருந்தது.

“நான் ப்ரோஸ்குரின். அந்தப் படத்தை எடுத்தவன்,” என்றார். “நீங்க நிஜமாவே பாத்தீங்கன்னு சொல்றாங்க. உண்மையா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.” அவர் இன்னும் கிட்டே வந்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஏதாவது ஞாபகம் இருக்கா? ஏதாவது ஒண்ணு?”

சவேலி சுற்றும் முற்றும் பார்த்தான். யாரும் இல்லை. இந்த மனிதரும் தன்னைப் போலவே பயந்து போயிருக்கிறார் என்பதைக் கண்டதும் அவனுக்கு வாய் கொஞ்சம் இளகியது.

“ஒரு கேன்டீன் வருது. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போயிடறாங்க. மேசை துடைக்கிற பொம்பளை ஒருத்தி தனியா உக்காந்து, செருப்பைக் கழட்டிட்டு, காலைத் தேய்ச்சுக்கிறா. அப்புறம் சும்மா ஜன்னலப் பாக்குறா. அது நல்லா இருந்துச்சுங்க. என் சம்சாரம் வேலைக்குப் போய்ட்டு வந்து அப்படித்தான் உக்காருவா.”

ப்ரோஸ்குரின் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் நிரம்பிவிட்டன.

“அவ நடிகையே இல்ல. அங்க நிஜமா வேலை செய்யறவ. கேமரா ஓடறது அவளுக்குத் தெரியாது. பதினாலு செகண்டு. மீதி எல்லாத்தையும் அவங்க சொன்னாங்க, நான் எடுத்தேன். அது மட்டும்தான் என்னுது.” பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். “உங்க கால்ல விழுறேன், மேடையில அதச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வெட்டிடுவாங்க. வாரியத்துல ஒருத்தரும் இன்னும் படத்தப் பாக்கலை. அதனாலதான் அது தப்பிச்சுக் கிடக்குது.”

“சத்தியமா சொல்லமாட்டேன்,” என்றான் சவேலி. இந்த மாதத்தில் அவன் செய்த இரண்டாவது சத்தியம் அது.

வாரியத் தலைவர் சூபாரெவ் பருத்த, இனிமையான மனிதர். மேடையில் ஒரு மணி நேரம் பேசினார்.

“தோழர்களே! நம் சினிமாவின் வெற்றி வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. அறுபதுகளில் ஒரு படம் வெற்றியா தோல்வியா என்று தெரிந்துகொள்ள, அது வெளியாகிற வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்த அவல நிலை இல்லை! ‘மூன்றாவது கலவை’ நாலு கோடி பேர் பார்க்கப்போகும் படம் என்று படப்பிடிப்புக்கு முன்பே நாம் முடிவு செய்தோம். பார்த்தார்களா இல்லையா? பார்த்தார்கள்! ஒருவர்கூடக் குறையவில்லை! மக்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை மக்களிடமே விட்டிருந்தால் இந்தச் சாதனை நடந்திருக்குமா?”

நீண்ட கைதட்டல்.

“சிலர் என்னைக் கேட்கிறார்கள், நீங்கள் படத்தைப் பார்த்தீர்களா என்று. நான் ஏன் பார்க்க வேண்டும்? ஒருவர் படத்தைப் பார்ப்பது சந்தேகத்தினால். எனக்குச் சந்தேகம் இல்லை! இதோ, கமென்யார் நகரத்து உழைப்பாளி, நம் முதல் பார்வையாளர், தோழர் லாப்தேவ் பேசுவார்.”

சவேலி எப்படி மேடை ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. தாள்களைப் பிரித்தான். விளக்கின் வெளிச்சத்துக்குப் பின்னால் ஆயிரம் முகங்கள். மூன்றாவது வரிசையில் சாம்பல் கோட்டு, மடியில் நோட்டு. ஓரத்தில் ப்ரோஸ்குரின்.

“அன்புத் தோழர்களே,” என்று வாசித்தான். “இந்தப் படம் என்னை ஒரு புதிய மனிதனாக ஆக்கிவிட்டது. இங்கே குரல் தழுதழுக்கும். ஐந்து விநாடி மௌனம்.”

அரங்கில் நிஜமாகவே மௌனம். தான் என்ன வாசித்தோம் என்பது அவனுக்கு உறைத்தபோது கையிலிருந்து நழுவி, தாள்கள் நான்கும் மேடைக்குக் கீழே பறந்தன. மாரீனின் காலடியில் போய் விழுந்தன. அவள் குனிந்து எடுக்கவில்லை. தொட்டால் தன் மேலும் பழி வரும் என்று பயந்து கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

“அருமை! தாள் வேண்டாம்!” என்று சூபாரெவ் சமாளித்தார். “மனசுல இருந்து சொல்லுங்க, தோழர்! எந்தக் காட்சி உங்களைத் தொட்டது?”

சவேலி அண்ணன் தம்பியை நினைத்தான். உடனே கபிடோலினாவின் முகம் வந்தது. கான்கிரீட்டை நினைத்தான். எல்லாக் கூட்டமும் ஒன்றாகவே தெரிந்தது. சாம்பல் கோட்டு பேனாவின் மூடியைத் திறந்தார்.

“சொல்லுங்க, தோழர். எந்தக் காட்சி?”

“கேன்டீன்ல,” என்றது சவேலியின் வாய். “ஒரு பொம்பளை செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தேய்ச்சுக்கிறா.”

சொன்ன கணமே அவன் ஓரத்துப் பக்கம் பார்த்தான். ப்ரோஸ்குரின் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சூபாரெவ் ஒரு நொடி விழித்தார், பிறகு பலமாகக் கைதட்டினார். அரங்கமும் தட்டியது.

அன்று பிற்பகல் வாரியத்தின் பதினேழு உறுப்பினர்கள் முதல் முறையாக ‘மூன்றாவது கலவை’யைப் பார்த்தார்கள். மூன்று பேர் தூங்கினார்கள், அவர்களைத் தட்டி எழுப்பி கேன்டீன் காட்சியைக் காட்டினார்கள். முன்னேறிய ஓர் அணைக்கட்டில் ஒரு தொழிலாளிக்குக் கால் ஏன் வலிக்கிறது? அவள் ஜன்னல் வழியாக எந்தத் திசையைப் பார்க்கிறாள்? யாரும் பேசாத பதினான்கு விநாடிகளுக்கு அனுமதி கொடுத்தது யார்? மாலைக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. இரண்டாயிரத்து நூறு பிரதிகளிலும் அந்தத் துண்டு வெட்டப்பட்டது. அந்த இடத்தில் தலைவர் தண்ணீர் குடிக்கும் காட்சியை இன்னொரு முறை சேர்த்தார்கள். அது பார்வையாளரின் நாடித்துடிப்பை ஏற்றும் என்று பேராசிரியர் யூதின் அறிவியல்பூர்வமாக நிரூபித்திருந்தார்.

சவேலி வாரியத்தின் மாடிப்படியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தான். கடைசியில் ப்ரோஸ்குரின் தொப்பியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார்.

“ஐயா, நான் வேணும்னு சொல்லலீங்க. பயத்துல வாய் தானா...”

“தெரியும்,” என்றார் அவர். “நானும் பயத்துலதான் மீதிப் படத்தை எடுத்தேன்.” இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். “ஒருத்தராவது அதப் பாத்தீங்களே. போய்ட்டு வாங்க.”

ஊர் திரும்பும்வரை சவேலி எதுவும் சாப்பிடவில்லை. பிடித்துக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. ஃபயீனா வாசலிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பையை அப்படியே, பிரிக்காமல், கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

ஒரு வாரம் அமைதியாகப் போனது. பிறகு பெஸ்பாலோவ் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் வாரியத்தின் உத்தரவு இருந்தது.

“உங்களை மக்களின் நிரந்தரப் பார்வையாளரா நியமிச்சிருக்காங்க. இனிமே ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு மணிக் காட்சி. நம்ம நாட்டுப் படம் எது வந்தாலும் பாக்கணும். முடிஞ்சதும் படிவம் நிரப்பித் தரணும்.”

“எனக்குக் குழாய் வேலை இருக்குதே?”

“அதுக்கு வேற ஆள் போட்டாச்சு. குழாய் யாரு வேணா பாக்கலாம். படம் பாக்கத்தான் ஆள் இல்ல.”

அப்படியாக சவேலி நானூற்று இருபது நாற்காலிகள் போட்ட அரங்கில் தனியாக உட்கார ஆரம்பித்தான். எருவைப் பற்றிய படம், ரயில் தண்டவாளத்தைப் பற்றிய படம், ஒரு கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று நடந்த கூட்டத்தைப் பற்றிய படம். பூட்ஸை மட்டும் அவன் கழற்றவில்லை. எந்தக் காட்சியும் தனக்குப் பிடித்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே பார்த்தான். ஏதாவது ஒரு குழந்தையோ நாயோ திரையில் வந்தால் சட்டென்று தரையைப் பார்த்துக்கொள்வான். படிவத்தில் ‘எல்லாக் காட்சிகளும் சமமாகப் பிடித்திருந்தன’ என்று எழுதுவான்.

ஐந்தாவது வியாழக்கிழமை, விளக்கு அணைந்த பிறகு கதவு திறந்தது. காலடிச் சத்தம் வந்து, அவனுடைய வரிசையிலேயே, பத்து நாற்காலி தள்ளி ஒருவர் உட்கார்ந்தார்.

சவேலியின் முதுகு விறைத்துவிட்டது. இரண்டரை மணி நேரம் அவன் தலையைத் திருப்பவில்லை, இருமவில்லை, மூக்கு அரித்தபோது சொறியவில்லை. கண்ணின் ஓரத்தால் மட்டும் அந்த உருவத்தைக் கவனித்தான். அது அசையவே இல்லை. கையில் ஏதோ வெள்ளையாக இருந்தது. நோட்டாக இருக்கலாம். திரையில் யாரோ பேசினார்கள், எதுவோ கட்டினார்கள், எதற்கோ மாலை போட்டார்கள்.

விளக்கு எரிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள். அது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“நான் நகர நூலகத்துல வேலை செய்றேன். என் பேரு நினேல்,” என்றாள். “பயப்படாதீங்க.”

“நான் பயப்படலையே,” என்றான் சவேலி. பற்கள் தந்தியடித்தன.

“உங்களைப் பாக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. நீங்க படத்தை ஒழுங்கா பாக்குறீங்களான்னு பாக்கணுமாம். பாத்துட்டேன். நீங்க அசையவே இல்ல.” அவள் கையிலிருந்த தாளை நீட்டினாள். அது கசங்கி, வேர்வையில் நனைந்திருந்தது. “ஆனா இதுல படத்தோட கதைச் சுருக்கமும் எழுதணும்னு போட்டிருக்கு. நான் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன், திரையப் பாக்கவே இல்ல. எனக்கு வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு, ஐயா. கொஞ்சம் கதையச் சொல்லுங்களேன்.”

சவேலி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான்.

“அம்மா, நானும் பாக்கலை,” என்றான். “ரெண்டரை மணி நேரமா கண்ணோரத்துல உங்களையேதான் பாத்துட்டிருந்தேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே ஆபரேட்டர் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. போய்ப் படத்தின் பெயரையாவது விசாரிக்கலாமா என்று நினேல் கேட்டாள். கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று சவேலி தடுத்துவிட்டான். வாசலில் போஸ்டரைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார்கள். கதைச் சுருக்கம் என்ற இடத்தில், ‘தொடக்கத்தில் இருந்த பிரச்சினை முடிவில் தீர்ந்தது’ என்று இருவரும் எழுதினார்கள். பார்வையாளர் எப்படிப் பார்த்தார் என்ற கேள்விக்கு, ‘கண்ணை எடுக்காமல்’ என்று எழுதினார்கள். அது மட்டும் உண்மை.

மறு வாரம் வாரியத்தின் செய்தித்தாளில் கமென்யாரைப் பற்றி நான்கு வரி வந்தது. பகல் காட்சிகளில் நேரடிப் பார்வையாளர்களின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் நூறு சதவிகிதம் உயர்ந்திருப்பதாகவும், இந்த அனுபவத்தை மற்ற நகரங்கள் பின்பற்ற வேண்டும் என்றும் அதில் இருந்தது.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு சவேலியும் நினேலும் சேர்ந்தே உள்ளே போனார்கள். கடைசி வரிசையில், சுவரோரம், ஒரு புதிய ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் இவர்களைப் பார்த்தார். இவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு மூவரும் அவரவர் இடத்தில் உட்கார, விளக்கு அணைந்தது.